பேரம் பேசாத ஆள்



போன மாதம் வீடு மாற்றினோம். புது வீட்டு பெட்ரூமுக்குள் எங்கள் பழைய தேக்குக் கட்டில் நுழைய மறுத்துவிட்டது. சாய்த்துப் பார்த்தோம், கதவைக் கழற்றிப் பார்த்தோம், ம்ஹூம். கடைசியில் நாலு போட்டோ எடுத்து, 6,500 ரூபாய் என்று விலை போட்டு, பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் ஏற்றினேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. மரியாதையான குரல். இந்தி கலந்த ஆங்கிலம், வார்த்தைக்கு வார்த்தை 'சார்'. ராணுவத்தில் இருக்கிறாராம். ஆவடிக்கு மாற்றலாகி வருகிறாராம். குடும்பம் அடுத்த வாரம் வந்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் யூனிஃபார்ம் போட்டோவும் கேன்டீன் கார்டும் வந்தன. கட்டிலின் நீள அகலத்தை அவர் கேட்கவில்லை. என்ன மரம் என்று கேட்கவில்லை. கரையான் அரித்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "போட்ட விலையே தர்றேன் சார், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார்.

நம் ஊரில் 6,500 என்று சொன்னால், "மூவாயிரத்துக்குத் தருவீங்களா?" என்றுதானே பேச்சு தொடங்கும்? பேரமே பேசாமல் ஒருவர் பொருள் வாங்க வந்தால் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வந்தது பெருமை. 'பொருளோட அருமை தெரிஞ்ச ஆளு' என்று மனைவியிடம் வேறு சொன்னேன்.

"முதல்ல ஒரு ரூபாய்க்கு க்யூஆர் கோட் அனுப்புறேன், டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டேன். என் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போனது, உடனே இரண்டு ரூபாய் வந்தது. "பார்த்தீங்களா சார், சரியா வேலை செய்யுது." அடுத்த கோட் 6,500 ரூபாய்க்கு. ஸ்கேன் செய்தேன், பின் நம்பர் போட்டேன். 6,500 போனது. எதுவும் வரவில்லை.

"சர்வர் ஸ்லோ சார். இன்னொரு தடவை அதையே பண்ணுங்க, மொத்தமா 13,000 திரும்பி வந்துடும்" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்தேன். கை நடுங்கியது.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? இதே மோசடியைப் பற்றி நம் பத்திரிகையிலேயே கட்டுரை வந்திருக்கிறது. அதற்கு ப்ரூஃப் பார்த்தவன் நான்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. வீட்டில் சொல்லவில்லை. "கட்டில் என்னாச்சுப்பா?" என்று ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள். "ஆள் வரலைம்மா" என்று சமாளித்தேன். பணம் போனதைவிட, 'உங்களுக்குமா?' என்று அவர்கள் கேட்கப்போகும் அந்த ஒரு கேள்விக்குத்தான் பயம். மறுநாள் மதியம், அலுவலகத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு 1930-க்கு போன் செய்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "எப்ப சார் நடந்தது?"

"நேத்து காலையில, பதினோரு மணிக்கு."

மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். பிறகு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த மௌனத்தை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தையே அதனால்தான் எழுதுகிறேன்.

1930 என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் நிதி மோசடி உதவி எண். நாம் புகார் சொன்னதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அங்கிருந்து தகவல் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் அதை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். ஆனால் மோசடிக்காரன் சும்மா இருப்பானா? வாடகைக்குப் பிடித்த ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று பணத்தை மாற்றிக்கொண்டே இருப்பான். எங்கோ ஓர் ஏடிஎம்மில் அது நோட்டாக வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது. நான் முதல் அரைமணி நேரத்தில் போன் செய்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க அவனுக்கு அவகாசம் கொடுத்தது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மின்னணுப் பரிவர்த்தனையில் மோசடி நடந்தால் நஷ்டம் யாருடையது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை. பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. அதாவது, வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

சரி, எதற்காக வாயை மூடிக்கொள்கிறோம்?

உங்கள் வீட்டையே நினைத்துப் பாருங்கள். அம்மா ஏதோ ஒரு லிங்க்கைத் தொட்டுப் பணம் போய்விட்டது என்று வந்து நிற்கிறார். நம் வாயிலிருந்து முதலில் என்ன வரும்? "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" அவ்வளவுதான். அடுத்த தடவை அம்மா சொல்லமாட்டார். காலேஜ் படிக்கும் பையன் பழைய போன் வாங்கப்போய் ஏமாந்தால் அப்பாவிடம் சொல்வானா? மாமியார் இருக்கும் வீட்டில் மருமகள் சொல்வாளா? நம் வீட்டுத் திட்டுக்குப் பயந்து நாம் ஒளிந்துகொள்ளும் நேரத்தில்தான் அவன் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறான்.

கட்டில் கதையைப் பக்கத்து வீட்டில், அலுவலகத்தில், போனில் என்று பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரும் தங்கள் கதையை எடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் அதை அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தோழி வீட்டிலேயே வடகம், பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விற்கிறார். 500 ரூபாய்க்கு ஆர்டர். சிறிது நேரத்தில் '5,000 வரவு' என்று எஸ்எம்எஸ். பின்னாலேயே பதறியபடி ஒரு போன்: "அக்கா, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வெச்சிருந்த பணம், மீதி 4,500-ஐ உடனே அனுப்பிடுங்கக்கா." இவர் இரக்கப்பட்டு அனுப்பிவிட்டார். வந்த 5,000 எங்கே? அப்படியொன்று வரவே இல்லை. அந்த எஸ்எம்எஸ் ஒரு சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தது. வங்கியின் வரவுச் செய்தி அப்படி வராது, வங்கியின் பெயர்ச் சுருக்கத்தோடுதான் வரும். அதையெல்லாம் அந்தப் பதற்றத்தில் யார் பார்ப்பார்கள்? ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஸ்க்ரீன்ஷாட்டும் அப்படித்தான். 'பேமென்ட் சக்சஸ்' என்று பச்சை டிக்கோடு படம் காட்டும் போலி ஆப்கள் எத்தனையோ இருக்கின்றன. பெட்டிக்கடையில்கூட ஸ்பீக்கர் பெட்டி வைத்துக்கொண்டது சும்மாவா?

நான் மாட்டிக்கொண்ட வித்தைக்கு வருகிறேன். யுபிஐ 2016-ல் வந்தது. அன்றிலிருந்து இன்று வரை ஒரு விதி மாறவே இல்லை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை, க்யூஆர் கோட் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டுமே பணம் கொடுக்கும்போது செய்வது. காய்கறிக்காரரிடம் நாம் ஸ்கேன் செய்கிறோம். நம் பணம் அவருக்குப் போகிறது. அவர் என்றைக்காவது நம் கையில் க்யூஆர் கோடைக் கொடுத்து, 'ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பணம் வரும்' என்றிருக்கிறாரா? தினம் செய்கிற வேலை, ஆனால் ஒரு அந்நியன் பதற்றப்படுத்தினால் தலைகீழாகிவிடுகிறது.

முன்பெல்லாம் 'பணம் கேட்கும்' ரிக்வெஸ்ட்டை அனுப்பி, 'இதை அப்ரூவ் பண்ணுங்க, பணம் வரும்' என்றும் ஏமாற்றினார்கள். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படி ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் க்யூஆர் கோட் அப்படியேதானே இருக்கிறது?

ராணுவ வேஷம் ஏன் என்று யோசித்தேன். சீருடையைப் பார்த்ததும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம், அதனால்தான். அதே வேஷத்தில் விற்கவும் வருவார்கள். 'அவசர டிரான்ஸ்ஃபர், புல்லட் வண்டி பாதி விலைக்கு' என்று விளம்பரம். முதலில் 'கேட் பாஸ்' கட்டணம், பிறகு லாரி வாடகை, பிறகு இன்சூரன்ஸ். ஒவ்வொன்றும் ஆயிரம், இரண்டாயிரம். வண்டி மட்டும் வராது. ராஜஸ்தான், ஹரியானா எல்லையில் உள்ள மேவாத் பகுதியில் இந்த வேலைக்காகவே பல கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. ஆள்மாறாட்டம் செய்து ஆன்லைனில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆள் கிடைத்தால்தானே சிறை?

வாங்கும் பக்கத்துக்கு வருவோம். தீபாவளிப் பட்டாசைச் சொல்லாமல் இதை எழுதவே முடியாது. ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டில் இது நடக்கிறது, சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கிறது, அடுத்த வருஷம் மறுபடி நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக 'நம்ப முடியாத தள்ளுபடி என்றால் சந்தேகப்படுங்கள்' என்போம். பட்டாசில் அந்தப் புத்தி செல்லாது. சிவகாசியில் நேர்மையாகக் கடை நடத்துபவர்களே 80 சதவீதம் தள்ளுபடி என்றுதான் விலைப்பட்டியல் அடிக்கிறார்கள். பெட்டியில் அச்சடித்த விலை அப்படி. அதனால் நிஜக் கடையின் பட்டியலை வரிக்கு வரி நகலெடுத்து, அதே பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, போன் நம்பரை மாற்றிவிட்டால் போதும். வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. அபார்ட்மென்ட்டில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒருவர் மூலமாகப் பணம் கட்டுவார்கள். 'லாரி ஆபீஸுக்கு வந்துடும், ரசீது அனுப்புறோம்' என்பார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு போன் ஸ்விட்ச் ஆஃப். பணம் வசூலித்தவர் பத்து வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த மனுஷனின் தீபாவளியை நினைத்துப் பாருங்கள்.

இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. எனவே 'கார்ட்டில் போட்டுப் பணம் கட்டுங்கள்' என்று ஒரு பட்டாசுத் தளம் கேட்டால், அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடலாம். உள்ளூரில் உரிமம் பெற்ற கடை இருக்கிறது, கூட்டுறவுப் பண்டகசாலை இருக்கிறது. நாலு பெட்டி குறைந்தாலும் பிள்ளைகள் கையில் மத்தாப்பு இருக்கும்.

சேலைக்கு வருகிறேன். இதில் ஏமாந்தவர்கள் அதிகம், சொல்பவர்கள் குறைவு. 'ஒரிஜினல் காஞ்சிப் பட்டு 999 மட்டுமே, இன்று இரவு வரை' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ. ஒரு காஞ்சிப் பட்டுச் சேலைக்கு ஆகும் பட்டு நூலின் விலைக்கே அந்தப் பணம் காணாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதா? கடைக்குப் போனால் சேலையை விரித்து, முந்தியைப் பார்த்து, சில்க் மார்க் இருக்கிறதா என்று கேட்டு, ஜரிகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். நாற்பது சேலையை எடுத்துப்போடச் சொல்லிவிட்டு, 'பிடிக்கல' என்று எழுந்து வரவும் அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. அதே ஆள் போனில் மட்டும் ஏன் ஒரு படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்? 'இன்னும் மூன்றே சேலைதான் இருக்கு' என்ற ஒரு வரிதான் காரணம்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே நேர்மையாக ஆன்லைனில் துணி விற்கிறார்கள். 'கேஷ் ஆன் டெலிவரி இல்லை' என்று அவர்கள் சொல்வதாலேயே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். பார்சல் திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் அவர்கள் தலையில்தான் விழும். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "வீடியோ கால்ல சேலையைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டுறீங்களா?" உண்மையில் விற்பவர் சந்தோஷமாகக் காட்டுவார், கூட நாலு சேலையையும் எடுத்துப் போடுவார். மோசடிக்காரனிடம் சேலையே இல்லையே, எதைக் காட்டுவான்? அந்த இன்ஸ்டா பக்கத்தின் விவரத்துக்குள் போனால் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை தடவை பெயர் மாறியது என்பதும் தெரியும். கமென்ட் பகுதியைப் பூட்டி வைத்திருந்தால் நான் வாங்கமாட்டேன். இது என் சொந்த விதி.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய போன் வாங்கினால் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்துங்கள், 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது பிளாக் செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பழைய வண்டி என்றால் எம்-பரிவாகன் ஆப்பில் ஆர்சி விவரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், வண்டியின் பேரில் லோன் பதிவாகியிருக்கிறதா என்பதும் அதில் தெரியும். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், அந்தக் கம்பெனியின் ஆப்புக்குள்ளேயே இருக்கும். யாராவது 'ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். வாங்கிய பொருளில்தான் பிரச்னை, கம்பெனி அசல்தான் என்றால் 1915-க்குப் பேசுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வரும் பார்சலை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'உங்க பையன் ஆர்டர் போட்டிருக்கார், 899 கொடுங்க' என்று வாசலில் ஒருவர் நிற்பார். பையன் வெளியூரில். போன் செய்தால் எடுக்கவில்லை. கூரியர்காரரை வெயிலில் நிற்க வைக்க அம்மாவுக்கு மனம் வராது. பணத்தைக் கொடுத்துவிடுவார். பிரித்தால் உள்ளே கிழிந்த துணியோ, பழைய பேப்பரோ. இதில் அம்மாவின் தப்பு என்ன? தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்துப் பழகிய கை அது. ஆர்டர் போட்ட பிள்ளைகள்தான் 'அம்மா, இன்னிக்கு ஒரு பார்சல் வரும், பணம் கட்டியாச்சு' என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 'நான் சொல்லாமல் எதுவும் வராது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். 1930-க்குப் பேசிய அன்று சாயங்காலமே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சிரித்தாள். "இதைப் பத்தின கட்டுரைக்கு நீங்கதானேப்பா ப்ரூஃப் பார்த்தீங்க?" என்றாள். எதிர்பார்த்ததுதான். மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே போன் பண்ணியிருக்கலாமே?" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர்கள் திட்டவே போவதில்லை. நான்தான் கற்பனையில் அவர்களைத் திட்ட வைத்து, அந்தப் பயத்தில் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஓர் ஏற்பாடு. தெரியாத ஆளுக்குப் பின் நம்பர் போடும் முன், வீட்டில் இன்னொருவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். 'ராணுவத்துல இருக்கார், பேரமே பேசல, நான் ஸ்கேன் பண்ணா எனக்குப் பணம் வருமாம்' என்று என் மனைவியிடம் நான் அன்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

அப்படியும் யாராவது ஏமாந்து வந்து நின்றால்? உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். 'எப்படி ஏமாந்தே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நிதானமாக ராத்திரி பதில் தேடிக்கொள்ளலாம். 1930-ல் என்னிடம் கேட்டதையே கேளுங்கள்: 'எப்ப நடந்தது?' கேட்டுக்கொண்டே போனைக் கையில் எடுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1930-ஐ அழையுங்கள். பிறகு உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். அந்த ஆளோடு பேசிய சாட்டை அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் நான் அழித்துவிட்டேன், புகாரில் இணைக்க எதுவும் மிஞ்சவில்லை.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் 1930-ஐ உங்கள் போனில் சேமியுங்கள். அப்பா, அம்மா போனிலும் 'பணம் போனால்' என்று தமிழிலேயே பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். உங்களுக்கு நடந்தது ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், பெயர் போடமாட்டேன். நானே ஏமாந்தவன், உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன்.

கட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரர் மகள் கல்யாணத்துக்காக எடுத்துக்கொண்டார். கட்டிலைத் தட்டிப் பார்த்து, காலை ஆட்டிப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்து, முக்கால் மணி நேரம் பேரம் பேசி, 4,200 ரூபாய்க்கு.

அன்புடன்,
ஆசிரியர்